இடைநிலைப்பள்ளியும் கைத்தொழிலும்: கிரியான் தோட்டப் பிள்ளைகளின் கதை



நம் தோட்டத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. "நான்தான் கத்தி பிடித்தேன், என் பிள்ளையாவது பேனா பிடிக்கட்டும்" என்று தகப்பன் சொல்வார். தாயும் அதையே சொல்வாள். அதில் ஆசை இருக்கிறது. பட்ட பாடும் இருக்கிறது. கூடவே, கையால் செய்யும் வேலை என்றாலே தாழ்வு என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நாமாக வளர்த்துக்கொண்டதா, நம்மேல் ஏற்றி வைக்கப்பட்டதா? பள்ளிக்கூடங்களில் கைத்தொழில் கற்பிக்கப்பட்ட வரலாற்றைப் புரட்டினால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது. பாகான் செராயையும் அதைச் சுற்றியுள்ள கிரியான் வட்டாரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

கிரியான் நெல் விளையும் பூமி. புக்கிட் மேரா அணை 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் பாய்ந்து, வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்தன. மலாய்க்காரரும் பஞ்சார் மக்களும் வயலில் இறங்கினர். சீனர் கடை வைத்தனர். தமிழர் அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வெட்டியவரும் சுமந்தவரும் பெரும்பாலும் நம்மவர்களே. 1880களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பாகான் செராய்ப் பக்கத்தில் நிலம் பெற்றுக் குடியமர்த்தினார். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. களும்பாங், கெடோங், செலின்சிங், கூலா, செர்சோனீஸ் என்று தோட்டங்களின் பெயர்கள் நம் முன்னோர் நாவில் ஊர்ப்பெயர்களாகவே ஆகிவிட்டன.

இத்தோட்டங்களில் பள்ளிக்கூடம் வந்தது முதலாளியின் தயவால் அன்று, சட்டத்தால். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும், 7 வயது முதல் 14 வயது வரை 10 அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று பணித்தன. சட்டம் அப்படிச் சொல்லிற்று, நடந்தது வேறு. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளி. கங்காணியோ எழுத்து வேலை பார்க்கும் கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியார். பிள்ளை பெயரெழுதப் பழகும். கூட்டல் கழித்தல் பழகும். ஊருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குத் தமிழ் வந்துவிட்டால் அதுவே பெரிய படிப்பு. கைகால் வலுத்ததும் ஒட்டுப்பால் பொறுக்கவோ புல் வெட்டவோ போய்விடும்.

பக்கத்து வயலில் இருந்த மலாய்ப் பிள்ளையின் நிலை என்ன? அவனுக்கு அரசாங்கப் பள்ளி இருந்தது. ஆனால் 1917இல் வின்ஸ்டெட் என்ற கல்வி அதிகாரி ஜாவாவையும் பிலிப்பைன்ஸையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஓர் அறிக்கை கொடுத்தார். அதன்படி மலாய்ப் பள்ளிகளில் 5 ஆண்டுப் படிப்பு 4 ஆண்டாகக் குறைந்தது. கூடை முடைதல், தோட்டம் போடுதல் போன்ற கைவேலைகள் பாடமாக வந்தன. 1920இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராக இருந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதன் நோக்கத்தை ஒளிவு மறைவின்றி எழுதினார். மீனவன் மகனைத் தகப்பனைவிடச் சற்று அறிவுள்ள மீனவனாகவும், உழவன் மகனைச் சற்று அறிவுள்ள உழவனாகவும் ஆக்குவதே அரசின் எண்ணம் என்பது அவர் எழுதியதன் சாரம்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். கூடை முடைவது தாழ்ந்த வேலையன்று. மண்ணைக் கொத்திச் செடி வைப்பதும் தாழ்ந்த வேலையன்று. ஆனால் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்த அதிகாரி மகனுக்கு எவரும் கூடை முடையச் சொல்லித் தரவில்லை. கைத்தொழில் யாருக்குப் பாடம், யாருக்குப் பாடமில்லை என்பதில்தான் சூது. தகப்பன் நின்ற இடத்திலேயே மகனையும் நிறுத்தி வைக்கும் வேலியாக அது பயன்பட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளைக்கு அந்த அளவு திட்டம்கூடத் தேவைப்படவில்லை. அவனைச் சுற்றி மரங்களே வேலியாக நின்றன.

உண்மையான தொழிற்பயிற்சி நாட்டில் இல்லாமலும் இல்லை. 1906இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி தொடங்கிற்று. ரயில்வேக்கும் பொதுப்பணி இலாகாவுக்கும் உதவியாளர்களைத் தயாரிப்பது அதன் வேலை. சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கான முதல் தொழிற்பள்ளி 1926இல் கோலாலம்பூரில் வந்தது. பிறகு 1930இல் ஈப்போவிலும், 1931இல் ஜொகூர் பாருவிலும், 1932இல் பினாங்கிலும் திறந்தார்கள். மோட்டார் பழுது பார்த்தல், இரும்பு கடைதல், இணைத்துப் பொருத்துதல் ஆகிய வேலைகளை வாயால் சொல்லாமல் கையில் கருவி கொடுத்துக் கற்பித்த பள்ளிகள் இவை. 1938இல் சீஸ்மன் என்பவர் மலாயாவின் தொழிற்கல்வியைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். ஆனால் நாடு முழுவதற்கும் இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க பள்ளிகள். பாகான் செராயிலிருந்து ஈப்போ அன்றைய போக்குவரத்துக்கு ஒரு நாள் பயணம் போலத்தான். தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு அப்படி ஒரு பள்ளி இருக்கும் செய்தியே எட்டியிருக்குமா என்பது ஐயம்.

தொழில் கற்ற தமிழர்கள் அதைக் கற்ற இடம் வேறு. கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. அங்கே பயிற்சியாளாகச் சேர்ந்து, வயதானவரின் பக்கத்தில் நின்று எண்ணெய்க் கையோடு பழகி, பிட்டராகவும் கொதிகலன் வேலைக்காரராகவும் உயர்ந்தவர்கள் பலர். தோட்டத்திலும் அப்படித்தான். ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்ப்பவரும், லாரி ஓட்டுநரும், தச்சரும் பார்த்துப் பார்த்துப் பழகினவர்கள். சான்றிதழ் எவரிடமும் இல்லை. சான்றிதழ் இல்லாத தொழில் தோட்ட எல்லைக்குள் செல்லும். எல்லையைத் தாண்டினால் செல்லாது.

பால்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தொழிற்கல்வி என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் பட்டையின் விளிம்பை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரத்தின் உயிர்ப்படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரம் புண்படும். மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மிகவும் மேலாக வெட்டினால் பால் வராது. படலத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். விடிவதற்கு முன், விளக்கு வெளிச்சத்தில், 400, 500 மரங்களில் இதைச் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே நிதானமும் வேண்டும், விரைவும் வேண்டும். எந்தப் பட்டறையிலும் இதைவிட நுட்பமான கைவேலை கிடையாது. அதைச் செய்தவர் தம்மைப் படிக்காதவர் என்று சொல்லிக்கொண்டார். ஊரும் அதை ஒப்புக்கொண்டது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். ஆங்கிலப் பள்ளிகள் மூடப்பட்டன. சில ஜப்பானிய மொழிப் பள்ளிகளாயின. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான ஆண்கள் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் வீட்டில் மூத்த பிள்ளையே குடும்பத் தலைவன் ஆனான். ஆகவே 1945க்குப் பிறகு பள்ளிகள் மறுபடியும் திறந்தபோது வகுப்பறைகளின் தோற்றமே மாறியிருந்தது. 10 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மீசை அரும்பியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வயது கடந்தவர்கள் என்று அவர்களைத் தனியாகக் குறித்தார்கள். தொலைந்த நான்கு ஆண்டுகளை இரண்டில் பிடிக்க முயன்றவர்கள் அவர்கள்.

மூச்சு விடுவதற்குள் 1948 ஜூனில் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை வரை அது நீடித்தது. பேராக்கில் அதன் வேகம் அதிகம். முள்வேலி, அடையாள அட்டை, ஊரடங்கு, வாசலில் சோதனை. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த பகுதிகளில் வேலைக்குப் போகிறவர் சோறு கட்டி எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. நகரத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டால் நடந்து வரலாமென்று அன்றைய தாய் எண்ண முடியாது. பல வீடுகளில் படிப்பு நின்றதற்கு வறுமையோடு இந்தப் பயமும் ஒரு காரணம்.

இந்தக் குழப்பங்களுக்கு நடுவில்தான் நாட்டின் கல்வி அமைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை மலாய், ஆங்கிலம் ஆகிய இரண்டில் மட்டும் தேசியப் பள்ளி என்றது. தமிழரும் சீனரும் எதிர்த்தனர். 1956இல் ரசாக் அறிக்கை தமிழையும் சீனத்தையும் தொடக்கப் பள்ளியில் ஏற்றது. ஆனால் இடைநிலைப்பள்ளி தமிழில் இல்லை. ஆறாம் வகுப்பைத் தமிழில் முடித்த பிள்ளை மேலே போக வேண்டுமானால் மொழி மாறியாக வேண்டும். அதற்காக ஒரு முழு ஆண்டு வைத்தார்கள். அதுவே புகுமுக வகுப்பு. மற்றவன் முதலாம் படிவத்தில் இருக்கும்போது நம் பிள்ளை புகுமுகத்தில் இருப்பான். வயதில் ஓராண்டு மூத்தவனாகவே வாழ்நாள் முழுதும் வகுப்பில் உட்காருவான்.

அந்தப் புகுமுகத்துக்கும் எல்லாரும் போக முடியவில்லை. ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. ஏறக்குறைய 100க்கு 30 பேர் மட்டுமே அரசு உதவிபெறும் இடைநிலைப்பள்ளிக்குள் போனார்கள். மற்றவர்கள் 12 வயதில் வெளியே நின்றார்கள். 12 வயது! மரத்தில் கத்தி வைக்கச் சட்டம் இடங்கொடுக்காத வயது. வகுப்பில் உட்காரத் தேர்வு இடங்கொடுக்காத வயது. 1960இல் வந்த ரஹ்மான் தாலிப் அறிக்கை, பள்ளியில் இருக்கும் வயதை 15 வரை உயர்த்த வேண்டும் என்று சொன்னதற்கு இதுவே காரணம். 1962 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்றும் ஆயிற்று.

தேர்வில் தவறியவர்களுக்கென்று அந்த நாட்களில் தொடர்கல்விப் பள்ளிகளும் கிராமத் தொழிற்பள்ளிகளும் இருந்தன. அங்கே ஆண்பிள்ளைக்குத் தச்சு, பயிர்த்தொழில். பெண்பிள்ளைக்குத் தையல், சமையல். கற்பித்தவை நல்ல தொழில்களே. ஆனால் அவை யாருக்குக் கற்பிக்கப்பட்டன? தோற்றவர்களுக்கு! தேறியவனுக்குப் புத்தகம், தவறியவனுக்கு உளி என்று ஊர் பார்க்கும்படி பிரித்து வைத்தால், உளியைத் தொடுவதற்கே பிள்ளை கூசும். "தொழிற்பள்ளியா? அது மக்குப் பிள்ளைகள் போகும் இடம்" என்ற சொல் நம்மிடையே பரவியது அந்த ஆண்டுகளில்தான். நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இது.

இதே பிணக்கு நம் மூதாதையர் மண்ணிலும் நடந்தது. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை எல்லாப் பிள்ளைக்கும் கல்வியின் நடுவில் வைத்தது. 1940களின் பிற்பகுதியில் சென்னை மாகாண உயர்நிலைப்பள்ளிகளில் பொறியியல், வேளாண்மை, அலுவலகப் பயிற்சி என்ற பிரிவுகள் வந்தன, விரும்பியவர் எடுத்துக்கொண்டனர். அதுவரை பெரிய சண்டை இல்லை. ஆனால் 1953இல் முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளில் 3 மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். சவரத் தொழிலாளி மகன் எதைக் கற்பான், வக்கீல் மகன் எதைக் கற்பான் என்பது சொல்லாமலே விளங்கும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழிலை எதிர்த்த போராட்டமன்று அது. பிறப்பைப் பார்த்துத் தொழில் பிரிப்பதை எதிர்த்த போராட்டம். மேக்ஸ்வெல் எழுதியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை புலப்படும்.

மலாயாவில், அதற்குள் மலேசியா ஆகிவிட்ட நாட்டில், 1964இல் அந்த நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்த எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை இடைநிலைப்பள்ளியில் படிக்கலாம். அத்தோடு, எல்லாருக்கும் ஒரு கைத்தொழில் பாடம் கட்டாயமாயிற்று. தொழிற்கலை, விவசாய அறிவியல், வாணிபம், மனையியல் ஆகிய நான்கில் ஒன்று. கணக்கில் முதலாக வந்தவனும் இழைப்புளி பிடித்தான். கடைசியாக வந்தவனும் பிடித்தான். என் எண்ணத்தில், தோட்டத்துப் பிள்ளைகளின் வரலாற்றில் 1957ஐப் போலவே நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு 1965. கொடி ஏறிய நாளை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். இதை யாரும் பேசுவதில்லை.

அந்த நாளைய தோட்டத்துப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இது ஒருவனுடைய கதை அன்று. பழைய மாணவர்கள் பலர் சொல்லக் கேட்டது. பள்ளிகளில் இடம் போதாததால் இரண்டு வேளையாக நடத்தினார்கள். மேல்படிவங்களுக்குக் காலை, புகுமுகத்துக்கும் கீழ்ப்படிவங்களுக்கும் பிற்பகல். இது தோட்டத்துப் பிள்ளைக்கு வரமும் ஆயிற்று, சாபமும் ஆயிற்று. காலையில் தாயோடு காட்டுக்குப் போய் மங்கு துடைக்கவோ ஒட்டுப்பால் உரிக்கவோ நேரம் கிடைத்தது. வீட்டுக்கு நான்கு காசு சேர்ந்தது. ஆனால் படிக்க வேண்டிய தலை, பள்ளிக்குப் போகும்போதே களைத்திருந்தது. 11 மணிக்கு ஓடிவந்து குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பெரிய சாலை வரை சைக்கிளிலோ நடந்தோ போய் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒட்டுப்பால் நாற்றம் சோப்புக்குப் போகாது. நகரத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்ததை 50 ஆண்டு கழித்தும் மறக்காதவர்கள் உண்டு. திரும்பும்போது இருட்டிவிடும். தோட்டத்து மின்சாரம் சில மணி நேரமே வரும். பிறகு மண்ணெண்ணெய் விளக்கு.

புகுமுக ஆண்டு முழுவதும் காது பழகும் ஆண்டு. வகுப்பில் பேசுவது பாதி புரியும், பாதி புரியாது. தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் இங்கே வாய் திறக்க அஞ்சினான். அப்படி அஞ்சியவனுக்குத் தொழிற்கலைப் பட்டறை ஓர் ஆறுதலான இடம். ஏனென்றால் அங்கே பேச்சு குறைவு. ஆசிரியர் செய்து காட்டுவார். பார்த்துச் செய்ய வேண்டும். பார்த்துச் செய்வது தோட்டத்துப் பிள்ளைக்குப் பிறந்தது முதல் பழக்கம்.

அந்தப் பட்டறையில் முதல் பாடம் கருவிகளின் பெயரும் பத்திரமும். ரம்பம், உளி, இழைப்புளி, மூலைமட்டம், அரம், வைஸ் ஆகியவை ஒவ்வொன்றும் சுவரில் தன் நிழற்படத்தின் மேல் தொங்கும். மணி அடித்ததும் ஒரு நிழலாவது காலியாக இருந்தால் யாரும் வெளியே போக முடியாது. பிறகு படம் வரைதல். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என்று ஒரு பொருளை மூன்று பார்வையில் வரைய வேண்டும். தச்சர் மனத்தில் வைத்திருந்ததைத் தாளில் வைப்பது இது. இங்கேதான் தோட்டத்து ஆலையில் பழகிய தொழிலுக்கும் பள்ளித் தொழிலுக்கும் வேறுபாடு. படம் வாசிக்கத் தெரிந்தவன், தான் காணாத இயந்திரத்தையும் பூட்டுவான். பார்த்து மட்டும் பழகியவன், பார்த்ததை மட்டும் பூட்டுவான். அதற்குப் பிறகு மரத்தில் ஓர் இணைப்பு, தகரத்தில் ஒரு முறம், மின்கம்பியில் ஒரு விளக்குச் சுற்று என்று படிப்படியாகப் போகும். ஒரு துண்டு மரத்தில் துளையும் அதற்குள் நுழையும் நாக்கும் செதுக்கி, பசையும் ஆணியும் இல்லாமல் பிடிப்பாக நிற்கச் செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். கோடு தாண்டி ஒரு முறை வெட்டிவிட்டால் மறுபடி புது மரம்.

அப்படிச் செய்த ஒரு முக்காலியை மகன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பால்வெட்டுக்காரரான தகப்பன் அதைத் தலைகீழாகப் புரட்டி, இணைப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கத்தி ஆழமாகப் போகவில்லை" என்று மட்டும் சொன்னாராம். அந்த மகன் இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கே 60 வயதிருக்கும். பரிசு வாங்கியதுபோல் சொன்னார்.

விவசாய அறிவியல் எடுத்த பிள்ளைகளின் கதை கிரியானில் சற்றுச் சுவையானது. பள்ளிப் பாத்தியில் வயல்காரர் மகனும் பால்காட்டுக்காரர் மகனும் ஒன்றாகக் குனிந்தார்கள். நெல்லைப் பற்றி அவனுக்குத் தெரியும். மரத்தைப் பற்றி இவனுக்குத் தெரியும். ஒட்டுக் கட்டுதலில், அதாவது நல்ல மரத்தின் மொட்டை வேறு நாற்றின் பட்டைக்குள் செருகிக் கட்டுவதில், நம் பிள்ளைகளுக்குக் கை தானாக வந்தது. தோட்டத்து நாற்றங்காலில் தாய்மார் செய்வதைப் பார்த்திருந்தார்கள்.

பெண்பிள்ளைகள்? அவர்களுக்கு மனையியல். தையல் இயந்திரத்தை ஓட்டவும், சத்துணவைக் கணக்கிட்டுச் சமைக்கவும், குழந்தை பராமரிக்கவும் கற்பித்தார்கள். பயன் இல்லாமல் போகவில்லை. ஒரு தையல் இயந்திரம் வாங்கிவிட்டால் லயத்து வாசலிலேயே வருமானம். ஆயினும் பட்டறைக் கதவு அவர்களுக்குப் பெரும்பாலும் திறக்கவில்லை. தோட்டத்தில் ஆணுக்குச் சமமாகக் கத்தி பிடித்தவள் பெண். அவள் மகளின் கையில் அரமும் ரம்பமும் கொடுக்க மட்டும் பள்ளி தயங்கிற்று. அதுவும் எட்டிய பெண்களுக்குத்தான். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு நின்ற பெண்கள் எத்தனையோ பேர்.

மூன்றாம் படிவத்தின் முடிவில் எல்.சி.இ. தேர்வு. அதில்தான் மறுபடியும் பாதை பிரிந்தது: கலை, அறிவியல், தொழில்நுட்பம், தொழிற்கல்வி. பழைய தொழிற்பள்ளிகள் 1960களின் நடுவில் இடைநிலைத் தொழிற்பள்ளிகளாக வளர்ந்திருந்தன. 12 வயதில் அடைத்த கதவு 15 வயதுக்குத் தள்ளிப்போயிற்று. மூன்றே ஆண்டு வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் 12 வயதுப் பிள்ளைக்குத் தனக்கு எது வரும் என்று தெரியாது. 15 வயதில், மூன்று ஆண்டு கருவி பிடித்த பிறகு, ஓரளவு தெரியும். தன் கையை அறிந்து ஒருவன் தொழிற்பள்ளியை விரும்பிக் கேட்பதற்கும், தேர்வில் விழுந்து அங்கே தள்ளப்படுவதற்கும் உள்ள தூரம் அந்த மூன்று ஆண்டுதான்.

எல்லாம் சீராக நடந்துவிட்டதாகச் சொன்னால் அது பொய். அதே காலத்தில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன; வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அதைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். 1969இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, பல குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறின. இரண்டாம் படிவத்தில் இருந்த பிள்ளை பாதிப் புத்தகத்தோடு போயிற்று. 1973இல் வெளியான முராட் குழுவின் அறிக்கை, பள்ளியை விட்டு நின்றுபோகும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்து, அதற்கு வறுமையே முதன்மையான காரணம் என்று காட்டியது. 1975இல் பாடநூல் கடனுதவித் திட்டம் வந்தது. 1976இல் முதலாம் படிவம் மலாய்மொழிக்கு மாறியது. ஆண்டுக்கு ஒரு படிவமாக 1980இல் ஐந்தாம் படிவமும் மாறியது. அண்ணன் புகுமுகத்தில் ஆங்கிலத்தோடு மல்லாடினான், தம்பி மலாயோடு. அண்ணனின் குறிப்பேடு தம்பிக்கு உதவவில்லை. ஆனால் அண்ணன் செய்த தகர முறம் வீட்டில் இருந்தது, அதற்கு மொழி தேவைப்படவில்லை.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எல்.சி.இ. 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஆர்.பி. ஆயிற்று, 1993இல் பி.எம்.ஆர்.; 2014இல் பி.டி.3, 2022இல் அதுவும் எடுக்கப்பட்டது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நின்றது. நான்கு கைத்தொழில் பாடங்களின் இடத்தில் 1990களில் வாழ்வியல் திறன் என்ற பாடம் வந்தது. அதன் பொதுப்பகுதியில் ஆண்பிள்ளையும் ஊசி பிடித்துப் பொத்தான் தைத்தான். பெண்பிள்ளையும் சூடேறிய கோலைப் பிடித்துப் பற்றாசு வைத்தாள். 1965இல் விட்டுப்போனது, ஒரு தலைமுறை கழித்து இப்படி நிறைவேறிற்று. 2017இலிருந்து அது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமாக மாறியது. ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. பால் கத்தி பல வீடுகளில் கூரைச் சந்தில் துருப்பிடித்து இருக்கிறது.

தொழிற்பள்ளிகள் 2012 முதல் படிப்படியாகத் தொழிற்கல்லூரிகளாக மாறின. மூன்றாம் படிவம் முடித்தவர்கள் அதில் சேர்கிறார்கள். 4 ஆண்டு படித்து முடித்தால் டிப்ளோமா கிடைக்கிறது. வாகனத் தொழில்நுட்பம், மின்சாரம், பற்றவைத்தல், கட்டுமானம், சமையற்கலை, கணக்கியல் என்று பிரிவுகள் பல. ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லாமே திறந்தவை. தேர்வு முடிவுக்காகக் காத்திருந்து, எங்கும் இடம் கிடைக்காமல் கடைசியில் கேட்கும் இடம் அன்று அது. மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அந்த வயதில் உங்கள் வீட்டில் பிள்ளை இருந்தால், எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, தங்கும் விடுதி உண்டா என்பதையெல்லாம் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.